இருவருக்கும் ஒரே சாட்சி

சுப்ரஜாவை ஒரே வாரத்தில் இரண்டு பேர் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். இருவரும் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகள். இருவரும் அவள் கணவன் ஜெயந்துக்கு மேலதிகாரிகளாக இருந்தவர்கள். ஒருவர்மேல் ஒருவர் பழி சொல்லிக்கொண்டிருந்தவர்கள். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்பது இருவருக்குமே சந்தேகமில்லாமல் தெரிந்திருந்தது. அவளுக்குத்தான் தெரியவில்லை.

அவள் புனேயிலேயே பிறந்தவள். அப்பா வேலூரிலிருந்து கட்கி தளவாடத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்து, அங்கேயே தங்கிவிட்டவர். தெருவில் மராத்தி, பள்ளியில் இங்கிலீஷ், சாப்பாட்டுத் தட்டின் முன்னால் தமிழ் என்று வளர்ந்தாள். மேஜர் ஜெயந்தைக் கல்யாணம் செய்துகொண்டு சில வருஷம் ஊர் ஊராகப் போனாள். மகள் ஸ்நேஹாவின் படிப்புக்காகப் புனே திரும்பிக் கோந்த்வாவில் வீடு எடுத்துத் தங்கினாள். பக்கத்துப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை ஆனாள். ஸ்நேஹா ஆறாம் வகுப்பில் இருந்தபோதுதான் தார்நாலா நடந்தது.

வடக்கு எல்லையில் ஒரு மலைச்சரிவில் இருந்த சின்ன முகாம் தார்நாலா. அதற்குப் பொறுப்பு ஜெயந்த். ஒரு விடியலில், யாரும் எதிர்பாராத நேரத்தில், எதிரிகள் மேலிருந்து இறங்கி வந்து தாக்கினார்கள். முதல் நிமிஷத்திலேயே ஒரு கூடாரம் தீப்பிடித்தது. காவலில் நின்றவனோடு சேர்த்து நான்கு ஜவான்கள் செத்துப்போனார்கள். ஜெயந்த் எரியும் கூடாரத்துக்குள் போய் ஒருவனை இழுத்து வந்தான். மறுபடி போய் இன்னொருவனை இழுத்து வந்தான். மூன்றாம் முறை போனவன் திரும்பவில்லை. அவனுக்கு வீரப் பதக்கம் கொடுத்தார்கள். தில்லிக்குப் போய் அதை வாங்கியது சுப்ரஜா.

அப்புறம் விசாரணை நடந்தது. இப்படி ஒரு தாக்குதல் வரும் என்று ஏன் யாருக்கும் தெரியவில்லை, தெரிந்திருக்க வேண்டியது யாருக்கு என்பதுதான் கேள்வி. பட்டாலியனின் தலைவர் கர்னல் ஸ்டீபன்மேல் கடும் அதிருப்தி என்று எழுதினார்கள். அதோடு அவர் பதவி உயர்வு நின்றது. அவருக்கும் மேலே இருந்த பிரிகேடியர் கேஷவ் ரானடேக்கு ஓர் அறிவுரையோடு முடிந்தது. அவர் பிற்பாடு மேஜர் ஜெனரலாக உயர்ந்து ஓய்வுபெற்றார். இதெல்லாம் சுப்ரஜாவின் காதிலும் விழுந்தது. ஆனால் அந்த நாட்களில் அவளுக்குப் பால்காரர் வந்து போனதே நினைவில் தங்கவில்லை. விசாரணையா தங்கப்போகிறது!

பல வருஷம் கழித்து, போன ஜூன் மாதம், ரானடே எழுதிய புத்தகம் வெளிவந்தது. அதில் தார்நாலாவுக்கு ஒரு முழு அத்தியாயம்.

முதலில் வந்தவர் ஸ்டீபன். நாகர்கோவில்காரர், இப்போது புனேயில் உண்ட்ரிப் பக்கம் இருப்பவர். வந்ததும் நேந்திரங்காய்ச் சிப்ஸ் பொட்டலத்தை மேஜையில் வைத்துவிட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"புத்தகத்தப் பாத்தீங்களா சுப்ரஜா?"

"இன்னும் இல்ல சார்."

"'அந்த வாரம் பட்டாலியனிலிருந்து எந்த எச்சரிக்கையும் வரவில்லை'ன்னு எழுதியிருக்காரு. எந்த எச்சரிக்கையும்! தாக்குதலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஜெயந்த் எனக்கு போன் பண்ணினான். ஆட்டுக்காரங்க ரெண்டு நாளா சரிவுப் பக்கமே வரல சார், எனக்குச் சரியாப் படலன்னான். நான் அப்பவே ரானடே சார்கிட்ட பேசி இன்னொரு பிளாட்டூன் ஆளு கேட்டேன். ரோட்டுக் காவலுக்கே ஆள் இல்ல, உனக்கு எங்கேருந்து குடுக்கன்னு கேட்டாரு. எல்லாம் வாய்ப்பேச்சு, எழுத்துல ஒண்ணும் இல்ல, பாத்துக்கிடுங்க. அதான் இன்னைக்கு அவரு இல்லன்னு சொல்லிட்டாரு."

ஸ்டீபன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் மேல எழுதினத நீக்கச் சொல்லி ராணுவத் தீர்ப்பாயத்துக்கு மனு போடுறேன். நீங்க ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தாப் போதும். அன்னைக்கு நீங்களே சொன்னீங்கல்லா."

"நான் என்ன சார் சொன்னேன்?"

"தகனம் முடிஞ்சு நான் உங்க வீட்டுக்கு வந்த அன்னைக்கு. என் கையைப் பிடிச்சுகிட்டு, 'ரொம்ப அமைதியா இருக்கு, எனக்குப் பிடிக்கலன்னு சொன்னார் சார்'னு அழுதீங்க. ஜெயந்துக்கு முன்னமே தெரிஞ்சிருக்கு. பெஞ்சாதிகிட்டயே சொல்லியிருக்கான். அதத்தான் எழுதணும்."

சுப்ரஜா தண்ணீர் கொண்டுவரும் சாக்கில் சமையலறைக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

ஜெயந்த் கடைசியாகப் போனில் பேசியது தாக்குதலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாலை. குக்கர் விசிலடித்துக்கொண்டிருந்தது. ஸ்நேஹா பள்ளிக்கு எரிமலை செய்கிறேன் என்று தரையெல்லாம் களிமண்ணாக்கி வைத்திருந்தாள். மலையிலிருந்து பேசினால் லைன் எப்போதுமே இழுத்து இழுத்து வரும். "இங்க ரொம்ப அமைதியா இருக்கு சுப்ரா. எனக்குப் பிடிக்…" என்றான் ஜெயந்த். அதோடு அறுந்துபோனது. மறுபடி வருவான் என்று காத்திருந்தாள். வரவில்லை. பிடிக்கல என்று சொல்ல வந்தானா, பிடிக்குது என்று சொல்ல வந்தானா? வார்த்தையின் வால்தான் வரவில்லை. அந்த வாலில்தான் எல்லாமே இருந்தது. அவள் எத்தனையோ ராத்திரி அதை இரண்டு விதமாகவும் முடித்துப் பார்த்திருக்கிறாள். இரண்டுமே ஜெயந்தின் குரலில்தான் கேட்டன.

"நான் யோசிக்கணும் சார்" என்று சொல்லி ஸ்டீபனை அனுப்பிவைத்தாள்.

அந்த வாரக் கடைசியில் ரானடே வந்தார். வெள்ளை மீசை, மடிப்புக் கலையாத சட்டை. கையில் பாக்கர்வடிப் பலகாரப் பெட்டி, அதன்மேல் கையெழுத்துப் போட்ட புத்தகம். அவரை வெறுப்பது சுலபமாக இருந்திருக்கலாம். ஆனால் ஒவ்வொரு வருஷமும் ஜெயந்த் இறந்த தேதியில் தவறாமல் போன் செய்கிறவர் அவர். ஸ்நேஹாவுக்குக் காய்ச்சல் வந்து ராணுவ மருத்துவமனையில் கிடந்தபோது பகல் முழுக்கக் கூடவே உட்கார்ந்திருந்தவர். அவளிடம் மராத்தியில்தான் பேசுவார், சொந்த மகளிடம் பேசுவதுபோல.

"நீ சொன்னதைப் புத்தகத்தில் சேர்த்திருக்கிறேன் அம்மா. பெயர் போடவில்லை. தப்பில்லையே?"

அவர் விரித்துக் காட்டிய பக்கத்தை வாசித்தாள். முகாமின் அதிகாரி தன் கடைசிப் பேச்சில், இடம் அமைதியாக இருக்கிறது, எனக்குப் பிடித்திருக்கிறது என்று மனைவியிடம் சொன்னாராம். அவ்வளவு முழுமையாக எதிரி நம் எல்லோரையும் ஏமாற்றியிருந்தான் என்று எழுதியிருந்தார் ரானடே.

"இதை நானா சொன்னேன்?"

"நீயேதான். பத்தாம் நாள் நானும் என் மனைவியும் வந்தபோது. 'இடம் பிடித்திருக்கிறது என்றார், கடைசியில் சந்தோஷமாகத்தான் இருந்தார்' என்று சொன்னாய். அந்த ஒரு வாக்கியம் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா?"

ஸ்டீபனிடம் ஒன்று, இவரிடம் ஒன்று. இரண்டும் அவள் வாயிலிருந்தே போயிருக்கின்றன. சொன்ன ஞாபகம் இல்லை. சொல்லவில்லை என்று சாதிக்கவும் முடியவில்லை. அந்தப் பத்து நாளில் யார் எதிரில் உட்கார்ந்தார்களோ அவர்கள் முகத்துக்கு ஏற்றபடி ஏதோ சொல்லியிருப்பாள்.

"ஸ்டீபன் சார் எச்சரித்ததாகச் சொல்கிறாரே?" என்று கேட்டாள்.

ரானடே பெருமூச்சு விட்டார். "ஸ்டீபன் நல்ல மனிதன். ஆனால் அந்தப் பருவம் முழுக்க அந்தப் பட்டாலியனிலிருந்து வாரம் தவறாமல் எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. ஒரு நாள் நாய் குரைக்கவில்லை என்பார்கள், ஒரு நாள் ரொம்பக் குரைக்கிறது என்பார்கள். ஒவ்வொரு தடவையும் ஆளை நகர்த்தினேன், ஒன்றும் நடக்கவில்லை. தினமும் மணி அடித்துக்கொண்டே இருந்தால் எது தீப்பிடித்த மணி என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்த வாரம் அவன் பேசினானா என்றே எனக்கு நினைவில்லை."

புலி வருது புலி வருது என்ற கதைதான். ஆனால் அந்தக் கதையில் பையன் விளையாட்டுக்குக் கத்தினான். இங்கே யாரும் விளையாடவில்லையே என்று நினைத்தாள். உடனே இன்னொன்றும் தோன்றியது.

"யாருக்கும் தெரிந்திருக்க முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஸ்டீபன் சாருக்கு மட்டும் எப்படித் தெரிந்திருக்க வேண்டும்?"

"அது வேறு விஷயம்" என்றார் ரானடே. அடுத்த மாதம் கேம்ப் பகுதியில் ஓர் அரங்கில் புத்தகத்தைப் பற்றிக் கலந்துரையாடல், ஸ்டீபனையும் மேடைக்கு அழைத்திருக்கிறோம், நீயும் முன்வரிசையில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை எச்சரித்தவன் ஞாயிற்றுக்கிழமை 'பிடித்திருக்கிறது' என்று சொல்வானா? சொல்லலாம். ஜெயந்த் அப்படிப்பட்டவன்தான். பாத்திமா நகர் தாண்டிப் போனபிறகுகூட, அடுப்பு கேஸை மூடினோமா என்று ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு வருவான். வந்து பார்த்துவிட்டுப் போகிற அவசரத்தில் வாசல் கதவைத் திறந்தபடி விட்டுவிட்டுப் போவான். ஸ்நேஹா பிறக்கப்போகிற சமயத்தில் ஆஸ்பத்திரிப் பையை மாதக்கணக்கில் முன்னாலேயே கட்டி வைத்தான், வழியை இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தான். வலி எடுத்த அன்று காரில் பெட்ரோல் இல்லை. இப்படிப்பட்டவன் அந்த மலையில் எதைப் பார்த்தான், எதை விட்டான் என்று எப்படிச் சொல்ல?

ஸ்நேஹா ஹடப்சரில் உள்ள ஐடி கம்பெனியிலிருந்து வேலை முடிந்து வந்ததும், சுப்ரஜா எல்லாவற்றையும் அவளிடம் சொன்னாள். தோசையைப் பிய்த்துக்கொண்டே கேட்ட ஸ்நேஹா, தன் அரைகுறைத் தமிழில், "அம்மா, ரெண்டு பேரும் அப்பாவ ப்ளேம் பண்ணல. அது நல்லதுதானே?" என்றாள்.

சுப்ரஜா தோசைத் திருப்பியோடு அப்படியே நின்றாள். உண்மைதான். இத்தனை வருஷத்தில் யாருமே ஜெயந்தைப் பற்றிக் கேட்கவில்லை. முகாம் அவன் பொறுப்பு. காவலை நிறுத்தியது அவன். எந்தப் பக்கம் எத்தனை பேர் என்று முடிவு செய்தது அவன். மேலே இருந்த கர்னலுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதற்கும் மேலே பிரிகேடியருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றால், அந்தச் சரிவிலேயே தூங்கி எழுந்தவனுக்கு? பதக்கம் வந்தது, கேள்வி நின்றது.

அவன் பெயர் இதில் வரக்கூடாது என்று அவள் மனசில் ஒரு பாதி பதறியது. மறுபாதிக்கு வேறு கோபம். அவன் என்ன குழந்தையா? தன் வேலைக்குப் பதில் சொல்லத் தெரியாதவனா?

ஸ்டீபனுக்குப் போன் செய்து நேராகவே கேட்டாள். "சார், அந்த முகாமுக்கு ஜெயந்த்தானே பொறுப்பு? அவர் மேலயும் தப்பு இருக்கலாம் இல்லையா?"

"என்ன பேச்சு இது சுப்ரஜா? உயிரக் குடுத்தவன். அவன ஏன் இதுல இழுக்கணும்?"

கலந்துரையாடல் அன்று மழை. அரங்கம் நிறைந்திருந்தது. கோட்டு போட்ட பெரியவர்கள், அவர்கள் மனைவிமார், குறிப்பெடுக்கும் கல்லூரிப் பிள்ளைகள். ஸ்நேஹா லீவு போட்டுவிட்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேடையில் ரானடேயும் ஸ்டீபனும் ஒருவரை ஒருவர் 'சார்' என்றும் 'மை டியர் ஸ்டீபன்' என்றும் அழைத்துக்கொண்டே அடித்துக்கொண்டார்கள். தகவல் கீழேயிருந்து வரவில்லை என்றார் ஒருவர். வந்தது, மேலே கேட்க ஆள் இல்லை என்றார் மற்றவர். அவர் பேசும்போது அவர் சொல்வது சரி என்று தோன்றியது. இவர் பேசும்போது இவர் சொல்வதும் சரி என்று தோன்றியது.

கேள்வி நேரத்தில் எழுந்து நின்றாள். மைக்கைக் கொடுத்தார்கள். இங்கிலீஷில்தான் கேட்டாள். "அந்த முகாமின் அதிகாரியின் மனைவி நான். அன்றைக்கு அது அவர் பொறுப்பு. அவர் எதைக் கவனிக்கத் தவறினார் என்று உங்கள் இருவரில் யாராவது சொல்வீர்களா? அவரைக் குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்."

இரண்டு மணி நேரமாக எதிலும் ஒத்துப்போகாத இருவரும் அப்போது ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரானடே எழுந்தார். "மேஜர் ஜெயந்த் இந்த நாடு பெற்ற வீரர்களில் ஒருவர்" என்றார். ஸ்டீபனும் எழுந்து நின்றார். அரங்கம் முழுவதும் எழுந்து கைதட்டியது. தட்டிக்கொண்டே இருந்தது. யாரோ ஒரு அம்மாள் வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். கைதட்டல் ஓய்வதற்குள் மைக் வேறு கைக்குப் போய்விட்டது.

"நீ சூப்பரா கேட்டேம்மா" என்றாள் ஸ்நேஹா, வெளியே வந்தபிறகு. "ஆனா அவங்க ஆன்சர் பண்ணலியே?"

"இல்ல. பண்ணல."

இந்தக் கேள்வியை ஒருத்தியிடம்தான் கேட்க முடியும் என்று அப்புறம்தான் சுப்ரஜாவுக்குப் பட்டது. அன்று காவலில் நின்று முதலில் செத்துப்போன ஜவானின் மனைவி ராஜஸ்ரீ. பிம்ப்ரியில் ஒரு பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்தாள். வருஷத்துக்கு ஒரு முறை போர் நினைவிடத்தில் மலர்வளையம் வைக்கும்போது பார்த்துக்கொள்வார்கள். "மகள் நலமா மேம்சாப்?", "நலம், உன் பையன் என்ன படிக்கிறான்?" என்பதோடு சரி. அதற்குமேல் பேச சுப்ரஜாவுக்குத் துணிவு வந்ததில்லை. அவள் கணவனை அங்கே நிறுத்தியது தன் கணவன் என்பது இருவருக்குமே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மெட்ரோ பிடித்துப் போனாள். ராஜஸ்ரீ விடுதியின் முன்னறையில் போஹா என்கிற அவல் உப்புமாவும் டீயும் கொண்டுவந்து வைத்தாள். மாடியில் பெண்கள் எதற்கோ கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். சுப்ரஜா சுற்றி வளைக்காமல் மராத்தியில் கேட்டாள்.

"உனக்கு ஜெயந்த்மேல் எப்போதாவது கோபம் வந்திருக்கிறதா?"

ராஜஸ்ரீ உடனே, "வந்தது மேம்சாப்" என்றாள். "முதலில் அவர் மேல்தான் வந்தது. ரெண்டு வருஷம் இருந்திருக்கும். நினைவிடத்தில் உங்களைப் பார்த்தால் வயிறு எரியும்."

சுப்ரஜா எதிர்பார்த்த அடி இதுதான். ஆனால் அது விழுந்தபோது வலித்ததோடு, ஏதோ ஒரு இறுக்கம் தளர்ந்ததுபோலவும் இருந்தது. இத்தனை பேரில் இவள் ஒருத்திதான் ஜெயந்தைப் பொறுப்புள்ள மனிதனாக நினைத்திருக்கிறாள்.

"அப்புறம்?"

"அப்புறம் ஊருக்குப் போயிருந்தேன். என் மாமனார் ஒரு நாள் கேட்டார்: 'காவலில் நின்றவன் இவன்தானே, இவன் கண்ணில் படாமல் எப்படி வந்தார்கள்? தூங்கிவிட்டானோ?' பெற்ற அப்பா கேட்கிறார், மேம்சாப். அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. பெரிய சாஹேப்கள் இல்லை என்று கையை விரித்தால் பழி உங்கள் சாஹேப்பிடம் வரும். அவரிடமும் இல்லை என்றால் என் வீட்டுக்காரரிடம் வந்து நிற்கும். அவருக்குக் கீழே தள்ளிவிட யாரும் இல்லை. அவருக்குப் பதக்கமும் இல்லை."

காவல்காரனைப் பற்றி சுப்ரஜா ஒரு நாளும் யோசித்ததில்லை. அவனைக் குற்றம் சொல்லவேண்டும் என்றும் தோன்றியதில்லை, காப்பாற்றவேண்டும் என்றும் தோன்றியதில்லை.

"இப்போது யார்மேல் கோபம்?"

ராஜஸ்ரீ டம்ளரைக் கையில் உருட்டினாள். "நாளுக்கு ஒரு மாதிரி. ஒரு நாள் உங்கள் சாஹேப்மேல். ஒரு நாள் இவர்மேலேயே, கொஞ்சம் நன்றாகப் பார்த்திருக்கக் கூடாதா என்று. சில நாள் யார்மேலும் இல்லை. அந்த நாள்தான் ரொம்பக் கஷ்டம். உங்களுக்கு?"

"எனக்கு யார்மேல் வரவேண்டும் என்றே தெரியவில்லை" என்றாள் சுப்ரஜா. சொன்னதும் அழுகை வந்துவிட்டது. ராஜஸ்ரீ எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். போஹா ஆறிப்போனது. அன்று மதியம் இருவரும் தங்கள் கணவர்களைப் பற்றி, தார்நாலாவையும் சாவையும் விட்டுவிட்டு, நெடுநேரம் பேசினார்கள். கிளம்பும்போது 'மேம்சாப்' போய், அக்காவை அழைக்கிற 'தாயீ' வந்திருந்தது.

அடுத்த வாரம் சுப்ரஜா இரண்டு பேரிடமும் பேசினாள். ஸ்டீபனிடம், எழுதிக் கொடுக்க முடியாது என்றாள். ரானடேயிடம், என் வாக்கியத்தை எடுத்துவிடுங்கள் என்றாள். ஜெயந்த் சொன்னது எனக்குப் பாதிதான் கேட்டது, மீதியை நானே இட்டு நிரப்பியிருக்கிறேன், அதை வைத்து யாரும் எதையும் நிரூபிக்க வேண்டாம் என்று இருவரிடமும் ஒரே மாதிரி சொன்னாள். ரானடே மனம் வருந்தினாலும், அடுத்த பதிப்பில் எடுத்துவிட்டார். ஸ்டீபன் "சரி" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தார். அவர் போட்ட மனு இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது.

மழை விட்டுப்போன ஒரு சாயங்காலம் ஸ்டீபன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். இளைத்திருந்தார். உட்காரச் சொன்னாள். மனுவைப் பற்றிப் பேசப்போகிறார் என்று மனசைத் திடப்படுத்திக்கொண்டாள்.

"வக்கீல் கேட்டாரு" என்றார் ஸ்டீபன். "எந்த வெள்ளிக்கிழமைன்னு. சட்டுனு சொன்னேன். வீட்டுக்கு வந்து யோசிச்சுப் பாத்தா, அது அந்த வெள்ளிக்கிழமையா, அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமையான்னு…" அவர் முடிக்கவில்லை. "ஜெயந்த் குரல் நல்லாக் கேக்குது. ஆட்டுக்காரங்க வரலன்னு சொன்னது கேக்குது. நாள்தான் நிக்க மாட்டேங்குது. இத்தன வருஷமா ஒரே நாளைச் சொல்லிட்டிருக்கேன் சுப்ரஜா. எப்பலேருந்து சொல்றேன்னே தெரியல."

பழைய சுப்ரஜாவாக இருந்தால், நீங்கள் சொன்னதே சரி என்று அவர் முகத்துக்காகச் சொல்லியிருப்பாள். இப்போது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. கோபமும் வரவில்லை. எதிரில் இருந்தவர் கர்னலாகத் தெரியவில்லை. தன்னைப்போலவே ஒரு பேச்சைத் திரும்பத் திரும்பக் கேட்டுத் தேய்த்துவிட்ட ஒருவராகத் தெரிந்தார்.

"வக்கீல்கிட்ட என்ன சார் சொல்லப்போறீங்க?"

"தெரியல."

வாசல்மணி அடித்தது. ஸ்நேஹா வந்துவிட்டாள். அவரைப் பார்த்து "குட் ஈவ்னிங் அங்கிள்" என்று சொல்லிவிட்டு, பசிக்குது என்றபடி உள்ளே போனாள்.

"சாம்பார் இருக்கு, சப்பாத்தி போடுறேன்" என்று எழுந்தாள் சுப்ரஜா. "சாப்பிட்டுட்டுப் போங்க சார். வக்கீலுக்கு நாளைக்குப் போன் பண்ணிக்கலாம்."

ஸ்டீபன் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, செருப்பை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, கை கழுவ எந்தப் பக்கம் போகவேண்டும் என்று கேட்டார்.